குறும்படப் போட்டி: தோல்வி காதில் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

குறும்படப் போட்டி முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் திருகோணமலையில் ஒரே பேச்சுத்தான் அடிபடுகிறது. "எங்களிட்ட நல்ல கமரா இல்லை, அதான்" என்பார்கள். இது பிழையான கணக்கு. இன்றைக்குச் சாதாரணக் கைத்தொலைபேசியில் எடுத்த படமும் மண்டபத் திரையில் தாக்குப்பிடிக்கும். நடுவர்கள் எங்கள் படங்களைக் கைவிடும் இடம் வேறு: முதலில் ஒலி, பிறகு கதையும் மொழியும். அதை எங்கள் இளைஞர்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன். பாடசாலை ஊடகக் கழகங்களும் அடுத்த போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளும் வாசிக்கும் வகையில் பிரசுரித்து உதவ வேண்டும்.

தெரிவு நடக்கும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலான விழாக்களில் இறுதி நடுவர்கள் எல்லாப் படங்களையும் பார்ப்பதில்லை. அவர்களுக்கு முன்னால் தெரிவுக் குழு ஒன்று இருக்கும். பிரான்சின் கிளெர்மோன் பெரான் போன்ற பெரிய குறும்பட விழாவுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவியும். உள்ளூர்ப் போட்டி என்றாலும் ஒரு தெரிவாளரின் மேசையில் பல பத்துப் படங்கள் கிடக்கும். அவர் மடிக்கணினியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் பழகிவிடும். குரல் விளங்காவிட்டால், காற்று மைக்கில் அடித்தால், காது பழகாது. ஹெட்போனில் அந்தக் குறை இரண்டு மடங்காகத் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் அவர் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார். அதனால் கையில் இருக்கும் காசில் முதல் பங்கு ஒலிக்குப் போக வேண்டும். கமராவை வாடகைக்கு எடுக்க ஒதுக்கிய காசில் பாதியை நல்ல மைக்குக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளுக்கும் கொடுங்கள்.

எங்கள் ஊரில் ஒலியைக் கெடுப்பவை எவை என்று பார்த்தால் முதலில் வருவது கச்சான் காற்று. மே கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை, நிலப்பக்கத்திலிருந்து சுடச்சுட வீசும் காற்று அது. மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை அதற்குக் காணாது. மயிர் அடர்ந்த காற்றுக் கவசம் வேண்டும். வெளியிடத்து வசனக் காட்சிகளை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டு, காற்று ஏறிய பிறகு வசனமில்லாத காட்சிகளை எடுப்பது இன்னும் நல்லது. அடுத்தது வீடு. ஷீற் கூரையும் சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கும். கமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் மெத்தை, போர்வை, பாய் என்று எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், ஒவ்வொரு ஷொட்டுக்கும் இடையில் போட்டுக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் எடுக்கும்போது யாருக்கும் கேட்காது, எடிட்டிங் மேசையில்தான் கேட்கும். அதையும் நிறுத்துங்கள். திரும்பப் போட மறந்து வீட்டுக்காரரின் மீன் பழுதாகாமல் இருக்க, மோட்டார் சைக்கிள் திறப்பை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். திறப்பு இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

மைக் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் முக்கால்வாசிப் படங்கள் தோற்கின்றன. கமராவின் மேல் பூட்டிய மைக் நடிகரிடமிருந்து ஆறு அடி, எட்டு அடி தள்ளி நிற்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபெல் விழும், அறையின் எதிரொலியோ விழாமல் அப்படியே நிற்கும். அதனால்தான் பின்னர் எவ்வளவு கூட்டினாலும் குரலோடு சேர்ந்து அறையும் கூடி வருகிறது. மைக்கை ஒரு கம்பில் கட்டி, சட்டகத்துக்குச் சற்று வெளியே, நடிகரின் தலைக்கு மேலே ஒன்றரை இரண்டு அடியில், வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே குறிவைத்துப் பிடியுங்கள். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் உரத்த வசனம் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எவராலும் ஒட்ட முடியாது. தனிக் கருவியில் ஒலி எடுத்தால் ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் கமரா பார்க்கக் கையைத் தட்டுங்கள், பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும்.

இன்னொன்றைப் பலர் செய்வதே இல்லை. ஒவ்வொரு இடத்தையும் விட்டுக் கிளம்புமுன் எல்லாரும் வாய்மூடி நிற்க, ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவுசெய்யுங்கள். கடற்கரை என்றால் இரண்டு நிமிடம். உப்புவெளியில் எடுத்த ஒரு உரையாடலைப் பத்து வெட்டுகளில் தொகுத்தால், ஒவ்வொரு வெட்டிலும் அலை பாதியில் அறுந்து இன்னொரு அலை பாதியில் தொடங்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தும். அந்த இரண்டு நிமிட அலையை அடியில் ஒரே நீளமாகப் போட்டால் பத்து வெட்டும் மறைந்துபோகும். காகத்துக்கும் இதே வைத்தியம். காலையிலும் மாலையிலும் வீதியில் வரும் பாண் ஓட்டோவின் பாட்டுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அது போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். கோயில் பூசை நேரம், பள்ளிவாசல் பாங்கு நேரம் இரண்டையும் படப்பிடிப்பு அட்டவணையில் எழுதி வையுங்கள்.

படப்பிடிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கற்கிறார்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட்டும் அதற்கேற்பத் துடிக்கும். கைத்தொலைபேசிகள் பலவும் விநாடிக்கு 30 பிரேமில் தொடங்குகின்றன, ஷட்டர் வேகம் 1/60 விநாடியில் போய் நின்றால் அந்த லைட்டின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். போனில் பிரேம் வேகம் தானாக மாறிக்கொண்டே இருந்தால், ஐந்து நிமிடம் போனதும் ஒலி உதட்டை விட்டு விலகும். வேகத்தை நிலையாக வைக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்நேரம் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். மர நிழலுக்குப் போய், எதிரே ஒரு வெள்ளை ரிஜிபோம் அட்டையைப் பிடித்தால் முகம் திரும்ப வரும். நிலாவெளிக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. காலை வெளிச்சத்தில் எடுத்துவிட்டு மாலை என்று சொல்லும் படங்களை உள்ளூர் நடுவர் உடனே பிடித்துவிடுவார். தண்ணீரில் இறங்கும் சூரியன்தான் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போங்கள். ட்ரோன் ஷொட்டுக்கு நடுவர்கள் தனியாகப் புள்ளி போடுவதில்லை. சீனக்குடா விமானத்தளமும் கடற்படைத் தளமும் உள்ள ஊரில் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட்டுப் படத்தோடு வழக்கையும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இனிக் கதை. போர், காணாமற்போனோர், 2004 ஆழிப்பேரலை என்று எடுத்தால் பரிசு நிச்சயம் என்ற நம்பிக்கை எங்களிடம் ஆழமாக இருக்கிறது. அவை எங்கள் வாழ்க்கை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நடுவர் அதே பொருளில் எத்தனையோ படங்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பவர். மகனின் புகைப்படத்தைக் கையில் வைத்து அழும் தாய், பின்னணியில் புல்லாங்குழல், கடைசியில் கடலின் மேலே உயரும் ட்ரோன் என்றால் அவருக்கு முதல் நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.

அதே தாயை இப்படி யோசித்துப் பாருங்கள். வாக்காளர் இடாப்புத் திருத்தும் காலம். கிராம உத்தியோகத்தர் படிவத்தோடு வந்து திண்ணையில் உட்காருகிறார். வீட்டிலுள்ளோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சரி போடுகிறார். நான்காவது பெயரில் பேனா நிற்கிறது. "அம்மா, இந்தப் பேரை விடுறதோ, எடுக்கிறதோ?" தாய் எழும்புகிறாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி." உள்ளே கேத்தலில் தண்ணீர் விழும் சத்தம். உத்தியோகத்தர் பேனாவின் மூடியைப் பூட்டுகிறார். அவ்வளவுதான் காட்சி. மகன் எப்போது போனான், யார் கொண்டுபோனார்கள், எத்தனை வருடம் என்று ஒரு சொல்லும் இல்லை. பார்ப்பவர் எல்லாவற்றையும் தானே கண்டுகொள்கிறார். இதற்குத் தேவை ஒரு திண்ணை, இரண்டு நடிகர், ஒரு படிவம்.

இதே காட்சியை எடுக்கும் அணிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகும் நிறுத்த மாட்டா. தாய் குசினியில் அழுவாள், மகனின் சிறுவயது நினைவு வரும், பிறகு கறுப்புத் திரையில் நான்கு வரி வாசகம் எழும். ஒவ்வொன்றும் முன்னதைப் பலவீனப்படுத்தும். பேனா மூடியோடு முடித்த படம் நடுவரின் மனதில் அன்றிரவும் கிடக்கும், நான்கு வரி வாசகத்தோடு முடித்த படம் அந்த வாசகத்தோடேயே முடிந்துவிடும். போதைப்பொருள், குடி, வெளிநாட்டு மோகம் பற்றிய விழிப்புணர்வுப் படங்களுக்கும் இது பொருந்தும். நிறுவனங்கள் விழிப்புணர்வுப் படம் கேட்டுக் காசு தந்தால் அதை எடுத்துக் கொடுங்கள். அதே படத்தை விழாவுக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு காட்சி இவ்வளவு முக்கியமாவது, மூன்றோ ஐந்தோ பேர் உட்கார்ந்து பேசும் நடுவர் அறையின் இயல்போடும் சேர்ந்தது. புள்ளிகளைக் கூட்டி மட்டும் பரிசு கொடுத்தால் குறை சொல்ல முடியாத, எல்லாரும் 'பரவாயில்லை' என்ற படம் மேலே வரும். ஆனால் கடைசி இரண்டு மூன்று படங்களுக்கிடையே தீர்ப்பு பேச்சில்தான் நடக்கிறது. அங்கே, யாரோ ஒருவர் "இதைக் கைவிட்டால் நான் உடன்படமாட்டேன்" என்று மல்லுக்கட்டும் படம் வெல்லும். அப்படி ஒருவரை எழுப்பிவிட ஒரு காட்சி போதும். அந்தக் காட்சியை உங்கள் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லையென்றால் திரைக்கதை இன்னும் எழுதி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சல்லிக் கிராமத்தில் வலை பின்னும் மனிதர் "என்ன பண்றே?" என்று கேட்டால் படம் அங்கேயே பொய்யாகிவிடுகிறது. "என்ன செய்யிறாய்?" என்று கேட்பவர்தான் எங்கள் ஆள். சினிமாவில் கேட்ட தமிழ் நடிக்க நின்றதும் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் பிள்ளை உம்மா, வாப்பா என்று கூப்பிடும். அந்த வீட்டுப் பேச்சைத் தெரிந்த ஒருவரிடம் வசனத்தைக் காட்டித் திருத்தாமல் எடுக்காதீர்கள். நடிகருக்கு வசனத் தாளை மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட, அந்தச் சூழ்நிலையைச் சொல்லி அவருடைய வாயால் பேசவைத்து, வந்ததை எழுதிக்கொள்வது நல்லது. கூத்திலும் பாடசாலை நாடகத்திலும் வளர்ந்த நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழகியவர்கள். கமரா அவர்களுக்கு இரண்டு முழம் முன்னால் நிற்கிறது. கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். மீன் வெட்டட்டும், தேங்காய் துருவட்டும், பிள்ளைக்குத் தலை பின்னட்டும். கை வேலையில் இருக்கும்போது குரல் தானாக இறங்கும்.

உபதலைப்பைக் கடைசி இரவில் யாரோ ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பது தமிழ் தெரியாத நடுவரிடம் தோற்பதற்கு நிச்சயமான வழி. ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்துகள். ஒரு வரி என்றாலும் ஒரு விநாடிக்குக் குறையக் கூடாது, இரண்டு வரி என்றால் ஆறு விநாடிவரை நிற்கலாம். பேச்சு முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, வாசிக்க நேரம் இருப்பதை மட்டும் எழுதுங்கள். அகராதியை நம்பிச் செய்தால் 'கச்சான் காத்து' ஆங்கிலத்தில் நிலக்கடலைக் காற்றாகப் போய் நிற்கும். இந்நாட்டு விழாக்களுக்கு அனுப்பும்போது சிங்கள உபதலைப்பும் வையுங்கள், அதைச் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். தமிழ்த் தலைப்பு எழுத்துகளிலும் ஒரு கண் வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டில் தட்டினாலும் சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறும். அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவைப் போட்டால் சரிவரும். முதல் பத்து விநாடியில் தன் பெயரையே பிழையாக எழுதிய படத்தைத் தமிழ் நடுவர் எந்த மனநிலையோடு தொடர்ந்து பார்ப்பார்?

நீளத்தில் பிடிவாதம் வேண்டாம். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு எல்லை 15 நிமிடம், வெனிஸில் 20, பேர்லினில் 30, ஒஸ்காரில் 40. கானும் ஒஸ்காரும் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. எல்லைக்குள் இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. விழாக்கள் குறும்படங்களை ஏறக்குறைய 90 நிமிடத் தொகுதிகளாக அடுக்கும். 12 நிமிடப் படம் என்றால் ஒரு தொகுதியில் ஏழு போகும். உங்கள் படம் 28 நிமிடமானால், அது இரண்டு படங்களின் இடத்தைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கேட்கிறது. அந்த இரண்டையும்விட உங்களுடையது இரண்டு மடங்கு நல்லது என்று தெரிவாளர் மற்றவர்களிடம் வாதாட வேண்டும். ஆகவே வெட்டுங்கள். ஓட்டோ வந்து நிற்பது, ஆள் இறங்குவது, காசு கொடுப்பது, படலையைத் திறப்பது எல்லாம் போகலாம், ஆள் கதிரையில் உட்கார்ந்த பிறகு தொடங்கலாம். தொகுத்து முடித்ததும் ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு ஒருமுறை ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். அலுக்கும் இடங்கள் தாமாகவே தெரியும். அனுசரணையாளர் சின்னங்களும் நன்றி வரிகளும் படத்தின் முடிவுக்குப் போகட்டும். முதல் ஒரு நிமிடத்தை அவற்றுக்குக் கொடுப்பது தெரிவாளரின் பொறுமையில் பாதியைக் கரைத்துவிடும்.

இசை பற்றி எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. சினிமாப் பாட்டின் ஒரு துண்டைப் பின்னணியில் போடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விழாக்கள் விண்ணப்பத்திலேயே உரிமை உறுதிமொழி கேட்கின்றன. பாட்டின் ஆக்கத்துக்கு ஓர் உரிமை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை என்று இரண்டையும் எழுத்தில் பெற வேண்டும். வானொலியில் தற்செயலாகப் போகும் பாட்டுக்கும் இது பொருந்தும். தெரிவான பிறகு இதனால் வெளியேறுவதைப்போல நோகும் தோல்வி வேறில்லை. உள்ளூரில் ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், எழுத்து ஒப்பந்தத்தோடு அவர்களிடம் போங்கள். அதற்கும் முன்னால், இந்த இடத்தில் இசை வேண்டுமா என்று ஒருதரம் கேளுங்கள்.

அனுப்பும்போது நடக்கும் தவறுகளில் பெரியது, படத்தை முடித்த கையோடு யூடியூப்பில் ஏற்றிவிடுவது. இணையத்தில் பகிரங்கமாக வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதே இல்லை. கடவுச்சொல் போட்ட இணைப்பாக வைத்திருங்கள், தெரிவு முடியும்வரை அந்தக் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். ஒவ்வொரு விழாவும் முன்னர் எடுத்த படங்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 2015இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழாவுக்கு ஏற்ற படமும் ஒரு பாடசாலைப் போட்டிக்கு ஏற்ற படமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திரையரங்குப் பிரதி கேட்டால் அது டி.சி.பி. (DCP) என்ற, திரையரங்கு டிஜிட்டல் புரொஜெக்டருக்கான கோப்பு வடிவம். வழக்கமாக விநாடிக்கு 24 பிரேமில் கேட்பார்கள். 25இல் எடுத்ததை 24க்கு மாற்றும்போது படம் நான்கு சதவீதம் நீளும், குரலும் சற்றுத் தடிக்கும், அதைத் திருத்த வேண்டும். செய்து முடித்ததை ஒரு உண்மையான திரையரங்கில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

போட்டி நடத்துவோரிடமும் மூன்று கோரிக்கைகள் உண்டு. எந்த அம்சத்துக்கு எத்தனை புள்ளி என்ற தாளை விண்ணப்பத்தோடேயே வெளியிடுங்கள்; ஒலிக்கு அதில் தனிக் கட்டம் இருக்கட்டும். தெரிவாகாத ஒவ்வொரு படத்துக்கும் நடுவர் ஒருவர் இரண்டு வரி எழுதித் தரட்டும். அந்த இரண்டு வரிக்காகவே அடுத்த வருடமும் படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியாக, திரையிடும் மண்டபம். மேடைப் பேச்சுக்காகக் கட்டிய இரண்டு ஒலிபெருக்கியோடும் சுழலும் மின்விசிறிகளோடும் படத்தை ஓட்டினால், பிள்ளைகள் மெத்தை கட்டி எடுத்த ஒலி அங்கே வீணாகிவிடும். முதல்நாள் மாலை ஒவ்வொரு அணிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். தங்கள் படத்தை அந்த மண்டபத்தில் போட்டுக் கேட்டுப்பார்த்து, ஒலியின் அளவை அவர்களே குறித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.